தோசைக்கல்லில் நின்ற நாத்தனார்

மதினி,

போன வாரம் பரணை ஒழித்தோம். உங்கள் பதினாறாம் நாள் காரியம் கழிந்து, வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பி, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சியிருந்தோம். உங்கள் தம்பிக்குச் சும்மா உட்கார முடியவில்லை. ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுத்தார். நான் கீழே நின்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை அண்டா, கொலுப்படிப் பலகை, சுவிட்ச் போன டேபிள் ஃபேன். கடைசியில் மூலையிலிருந்து ஒரு பாய்ச் சுருட்டு வந்தது. நல்ல பத்தமடைப் பாய். சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கையில் வாங்கியதும் கனத்தில் தோள் இறங்கிவிட்டது.

பிரிக்காமலே தெரிந்துவிட்டது. உங்கள் தோசைக்கல்.

பாயை விலக்கினால் கல்லின் மேல் நம் காந்த நாத்தனார்கள் இருவரும் நின்றபடியே இருக்கிறார்கள். துணிக் கிளிப்பின் பச்சை வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. செம்புக் கம்பி கறுத்துக் கிடக்கிறது. போல்ட்டில் துரு ஏறியிருக்கிறது. ஆனால் அடியில் இருக்கும் காந்தம் இத்தனை வருடமும் கல்லை விடவில்லை. உங்கள் தம்பி ஏணியில் நின்றபடியே கேட்டார்: "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுருவமா?" நான் பாயை இழுத்துக் கல்லை மூடினேன். அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அதைப் பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன், மதினி. வரவில்லை. நீங்கள் போன அன்றிலிருந்தே எனக்கு எதுவும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பால்காரனிடம் தண்ணீர்ப் பாலுக்குச் சண்டை போடுகிறேன். உள்ளே மட்டும் ஒன்றும் அசையவில்லை. கால் மரத்துப் போனால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அது மாதிரி என்னைக் கிள்ளிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் நாங்குநேரியிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ரிக்ஷா மணி கேட்டது. நீங்கள் இறங்கினீர்கள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கையில் ஒரு துணிப்பை. ரிக்ஷாக்காரர் பின்னாலேயே தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். உங்கள் கல்யாணத்துக்கு அத்தை சீராகக் கொடுத்த கல் அது.

"என்னட்டி கை?" என்று அத்தை கேட்டார்கள்.

"படியில விழுந்துட்டேம்மா."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாங்குநேரியில் உங்கள் வீட்டுக்கு நான் வந்திருக்கிறேன். அது ஒரே மட்டமாகக் கட்டிய வீடு. வாசலில் இருப்பதைத் தவிர அதற்குப் படியே கிடையாது.

நீங்கள் குளிக்கப் போன பிறகு அத்தை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "துணிப்பையோட வந்தா ரெண்டு நாள்ல திரும்பிருவான்னு நெனைக்கலாம். இவ தோசைக்கல்லத் தூக்கிட்டுல்லா வந்திருக்கா" என்றார்கள். பிறகு அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, பரணில் ஏற்றச் சொன்னார்கள். "அடுப்புல போட வேண்டாம். போவும்போது எடுத்துட்டுப் போவணும்லா." உங்களை அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு அப்போது இருந்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை. பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தெரு பேசுமே என்ற பயம்தான். உங்கள் தம்பிக்கும் அதே பயம். காலையில் பாபநாசம் பஸ்ஸைப் பிடித்து விக்கிரமசிங்கபுரம் மில்லுக்குக் கணக்கு எழுதப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிற மனிதர். அக்காவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், அன்று வந்தவுடன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்கு உங்களிடம் அன்பெல்லாம் அப்போது கிடையாது. உள்ளதைச் சொல்கிறேன். என் தாலியின் இரண்டாவது, மூன்றாவது முடிச்சுகளைப் போட்டவர் நீங்கள். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும். அன்று நீங்கள் போட்ட இறுக்கில் மஞ்சள் கயிறு பிடரியில் அறுத்தது. "அவிழாதுளா, பயப்படாதே" என்று காதுக்குள் சொன்னீர்கள். அதற்கே நான் பயந்துபோனேன். அப்போது உங்கள் இரண்டு கைகளும் நன்றாக இருந்தன.

கட்டுப் பிரித்த பிறகும் இடது கை வழிக்கு வரவில்லை. விரல்கள் பாதிதான் மடங்கும். தம்ளரைப் பிடித்தால் நழுவும். நீங்கள் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே நடமாடுவீர்கள்.

அந்த நாட்களில் நான் ஸ்டெபிலைசர் போர்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலப்பாளையம் சாகுல் அண்ணாச்சி துபாயிலிருந்து திரும்பி வந்து சொந்தமாக ஸ்டெபிலைசர் போட ஆரம்பித்திருந்தார். சாயங்காலமானால் நம் ஊரில் கரண்ட் இறங்கி, டிவிப் படம் நாலு பக்கமும் சுருங்கிப் போகிற காலம். வாங்க ஆளுக்குக் குறைவில்லை. போர்டையும் உதிரிச் சாமான்களையும் அண்ணாச்சி வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் துளைகளில் அந்தச் சாமான்களின் கம்பிக் கால்களைச் சொருகி, பின்பக்கம் ஈயம் வைத்து, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிக் கொடுக்க வேண்டும். நான் பட்டாசாலையில் பாய் போட்டு உட்கார்ந்து அதைச் செய்யும்போது நீங்கள் தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஒரு நாள் கேட்டீர்கள்:

"இது எனக்கு வருமாளா?"

"வரும் மதினி. ஆனா ஒரு கையில போர்டு, ஒரு கையில ஈயம், ஒரு கையில ஈயத்த உருக்குத சால்டரிங் கம்பி. ரெண்டு கை இருக்கவளுக்கே ஒரு கை குறையுது." சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப எனக்கு ரெண்டு கை குறையுது" என்று சிரித்தீர்கள். வந்த பிறகு நீங்கள் முதல்முறை சிரித்தது அன்றுதான்.

உங்களுக்கு அந்த வேலை வேண்டும். எதற்காக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கையில் ஒரு வேலை இருந்தால் "தங்கச் சொல்லுங்க" என்று கேட்க வாய் வரும். இல்லையென்றால் கார்த்திகை கழிந்ததும் நாங்குநேரிக்காரர்கள் ஆளோடு வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லி அனுப்பியும் விட்டார்கள்.

அண்ணாச்சியிடம் நான்தான் கேட்டேன். அவர் நல்ல மனிதர், உங்கள் கையைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நாலு போர்டு கொடுத்துப் பார்த்தார். போர்டு நழுவி நழுவி, வைத்த இடத்திலேயே கம்பியை வைத்து வைத்து, பின்பக்கத்துச் செம்புக் கோடு பெயர்ந்து வந்துவிட்டது. "கோவிச்சுக்கிடாதீங்க தங்கச்சி" என்றார். "கோடு தூக்கிட்டா போர்டு சவம்தான். போர்டை ஆடாம நிப்பாட்ட ஒரு வழி பண்ணிட்டுச் சொல்லுங்க. இன்ஷா அல்லா, அந்த நிமிஷமே வேலை தாரேன்."

வழி என் தலையிலும் உதிக்கவில்லை, உங்கள் தலையிலும் உதிக்கவில்லை. அத்தையின் ஊசி தொலைந்ததில்தான் உதித்தது. நம் வீட்டில் ஊசி தொலைந்தால் தேடுவதற்கென்றே ஒரு கிழிந்த ரேடியோ ஸ்பீக்கர் உண்டு. பின்பக்கத்துக் காந்தத்தைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனால் ஊசி வந்து ஒட்டிக்கொள்ளும். அன்று அத்தை அப்படி இழுத்துக்கொண்டு போகையில் என் கத்தரிக்கோல் துள்ளிப் போய் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. நீங்கள் அதையே பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

ஸ்பீக்கரை உடைத்து வட்டக் காந்தத்தை எடுத்தோம். இன்னொன்றை அண்ணாச்சி கொடுத்தார். நடு ஓட்டையில் நீள போல்ட் ஒன்றை நிறுத்தி, தண்ணீர்க் குழாய்க்கு அடைக்கிற பசையால் இறுக்கினோம். போல்ட்டின் உச்சியில் துணி காயப்போடுகிற கிளிப்பைச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டினோம். காந்தத்தின் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிப் பார்த்தோம். பிடி குறைந்தது. பிய்த்துப் போட்டோம். இப்படி இரண்டு செய்தால் இரண்டு பக்கமும் போர்டைக் கவ்விக்கொள்ளும். போர்டு சின்னதாக வந்தால் கிட்டே நகர்த்தலாம், பெரிதாக வந்தால் விலக்கலாம். பலகையில் ஆணி அடித்தால் அது நடக்காது.

எல்லாம் சரி. எதன் மேல் நிற்பது? அங்கேதான் கூத்து. நான் ஓடிப்போய் என் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்தேன். காந்தத்தை வைத்தால் ஒட்டவே இல்லை. சோற்று மேல் வைத்த ஊறுகாய் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. இன்னொரு தட்டு, அதுவும் ஒட்டவில்லை. "என்ன மதினி, காந்தம் செத்துட்டா?" என்றேன்.

அத்தைக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. கடையில் எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டாததுதான் உசத்தி, ஒட்டினால் மட்டம். அதை அத்தை எப்போதோ கேள்விப்பட்டிருக்கிறார்கள், ஊசி தேடுகிற காந்தத்தாலேயே சோதிக்கலாம் என்பதுதான் அதுவரை தோன்றவில்லை. கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்கள். என் பிறந்த வீட்டுப் பாத்திரம் ஒவ்வொன்றாக டொக் டொக்கென்று சோதனை. இட்லிக் கொப்பரை மூடி மட்டும் கப்பென்று ஒட்டிக்கொண்டது. "பாத்தியா, உங்க அப்பா எங்கன கைய வச்சிருக்காருன்னு" என்று அந்த மூடியை எடுக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவார்கள். நீங்கள்தான் தடுத்தீர்கள்: "விடும்மா. எங்களுக்கு ஒட்டுறதுதான் வேணும். அவ அப்பா தெரிஞ்சேதான் குடுத்துருக்காரு."

கொப்பரை மூடி வளைந்திருந்தது. தகர டிரே ஆடியது. அப்போது நீங்கள் அண்ணாந்து பரணைப் பார்த்தீர்கள்.

"ஏளா, அந்தக் கல்ல எறக்கு."

நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். அத்தை இல்லை. இறக்கினேன். நல்ல பழகின கல், எண்ணெய் குடித்துக் கறுகறுவென்று மின்னியது. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. இதற்கென்றே வார்த்த மாதிரி இருந்தது.

"கவுத்துப் போட்டுக்கிடுவோம் மதினி" என்றேன். "கல்லு மொகத்துல ஈயம் சிந்திரக் கூடாதுல்லா. அப்புறம் தோசை சுட முடியாது."

"சிந்தட்டும்" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். கல்லை நிமிர்த்தியே வைத்து, கிளிப்பில் போர்டைக் கவ்வக் கொடுத்து, வலது கையில் சால்டரிங் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள். ஈயக் கம்பியை இடது கையின் மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகி வைத்தேன். முதல் சொட்டு போர்டில் நிற்காமல் கல்லின் மேல் விழுந்து வெள்ளைப் பொட்டாக உறைந்தது. சாயங்காலம் அத்தை அதைப் பார்த்தார்கள். கத்துவார்கள் என்று நான் அடுக்களைக்குள் ஒதுங்கினேன். கத்தவில்லை. குனிந்து நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். வரவில்லை. உங்கள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டார்கள்.

அந்த இரண்டுக்கும் நாத்தனார் என்று பெயர் வைத்தது நான்தான். "இந்த நாத்தனாரு கவ்வுனா விடமாட்டா" என்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொல்லையில் நின்று சொல்லிச் சிரித்தது உங்கள் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் உட்கார்ந்ததும், முகத்தை மலர்த்தாமல், "ஏளா, அந்த மூத்த நாத்தனாரை இங்கிட்டு நவுத்து, எளையவ அங்கனயே நிக்கட்டும்" என்றீர்களே, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதிலிருந்து வீட்டில் அதற்கு வேறு பெயரே இல்லை. நறுக்கிய கம்பித் துண்டுகள் காந்தத்தைச் சுற்றி முள்முள்ளாய் ஒட்டிக்கொள்ளும். "மூத்தவளுக்கு மீசை மொளச்சுட்டு, செரச்சு விடு" என்பீர்கள். நான் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துவிடுவேன்.

ஆரம்பத்தில் நான் அதைக் கல்லிலிருந்து எடுக்கத் தெரியாமல் நேராகப் பிடித்து இழுப்பேன். கல்லே கூட வரும். ஒரு தரம் பிடுங்கிய வேகத்தில் கை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "பிடுங்காதளா" என்றீர்கள். "மல்லுக்கு நின்னா அது விடாது. பைய ஓரத்துக்கு நவுத்து. ஓரத்துக்கு வந்துட்டா தானா விட்ரும்." அதற்குப் பிறகு எனக்கு அது பழகிவிட்டது.

இன்னொன்று. அப்போது என் தாலிக் கயிற்றில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கும். குனிந்து வேலை செய்யும்போது ஊக்கெல்லாம் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ள, நான் தலை நிமிர முடியாமல் கல்லுக்கு நேராக மாட்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். "தாலிய உள்ள போட்டுக்கோன்னு எத்தனை மட்டம் சொல்லுதேன்" என்பீர்கள். ஒரு நாள் அப்படிச் சிரித்து முடித்தபின், உங்கள் தாலியையும் வெளியே எடுத்துக் காந்தத்தில் வைத்துப் பார்த்தீர்கள். ஒட்டவில்லை.

"தாலி தங்கந்தான்ளா" என்றீர்கள். "கட்டுனவந்தான் தகரம்."

சிரிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அடுத்த போர்டை எடுத்துவிட்டீர்கள்.

சாகுல் அண்ணாச்சி வந்து பார்த்தார். கிளிப்பைத் தட்டிப் பார்த்தார், போர்டை ஆட்டிப் பார்த்தார், ஈயம் வைத்த இடங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "மாஷா அல்லா" என்றார். வீட்டுக்குப் போனவர் மறுநாளே என் பங்குக்குச் சமமாக உங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பினார். அன்று ராத்திரி சாப்பாட்டில் நீங்கள் இரண்டாம் தரம் சோறு போடச் சொன்னீர்கள்.

கார்த்திகை கழிந்து நாங்குநேரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் வரவில்லை. அவருடைய பெரியப்பாவும், இன்னும் இரண்டு பேரும். காலை வேளை. உங்கள் தம்பி அன்று லீவு போட்டிருந்தார். நாற்காலி போட்டோம். அத்தை காப்பி போட அடுக்களைக்குப் போனார்கள். நீங்கள் எழுந்து வந்து வாங்க என்று கேட்டுவிட்டு, திரும்பவும் பட்டாசாலையில் கல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். கம்பி சூடாகிவிட்டிருந்தது. ஒருவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

பெரியவர் பதமாகத்தான் பேசினார். "அவன் கோவக்காரன்தான். நான் இல்லன்னு சொல்லலை. எல்லா வீட்லயும் உள்ளதுதான. என்ன இருந்தாலும் புருஷன் வீடு புருஷன் வீடுதான். கை சரியில்லாத பிள்ளை இங்கன தம்பி பொண்டாட்டி கைய எதிர்பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு இருக்கும்? அங்கன வந்தா ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுது."

உங்கள் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒரு நொடி நீங்கள் போய்விடுவீர்கள் என்றே நினைத்தேன். அந்த நொடியில்தான், மதினி, உங்களை எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது.

பேச்சு நின்றதும் பெரியவர் உங்கள் பக்கம் திரும்பி, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்ட மாதிரி கேட்டார்: "அது என்னம்மா, கல்லுல நிக்கி?"

"இதுவா மாமா?" போர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள். "இது என் நாத்தனாரு."

"என்னது?"

"நாத்தனாரு. எதக் குடுத்தாலும் பிடிச்சுக்கிடும். விடுன்னா விட்ரும்." ஈயத்தை வைத்து, ஊதி, கம்பியைத் தாங்கியில் வைத்தீர்கள். பிறகுதான் நிமிர்ந்தீர்கள். "பிடிச்ச கைய முறுக்காது."

உங்கள் கை எப்படி அப்படியானது என்று நீங்கள் சொன்னது அந்த ஒரு முறைதான். பிறகு சாகும்வரை சொல்லவில்லை. உங்கள் தம்பி தலையைத் தூக்கினார். முகம் சிவந்திருந்தது. பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்து மடியில் வைத்தார்.

அடுக்களை நிலையில் அத்தை காப்பித் தட்டோடு நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. வந்து தட்டைப் பெரியவர் முன்னால் வைத்தார்கள். உங்களை ஒருமுறை பார்த்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். அதற்குள் அதில் ஈயப் பொட்டுகள் நிறைந்துவிட்டிருந்தன.

"அது இவளுக்கு நான் சீராக் குடுத்த கல்லு, அண்ணாச்சி" என்றார்கள். "ஈயம் விழுந்துட்டு. இனிமே அதுல தோசை வராது." பிறகு, "காப்பி ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றார்கள்.

பெரியவருக்குப் புரிந்தது. அவரும் நம் பக்கத்து மனிதர்தானே. காப்பியைக் குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்ப நாங்க வாரோம்" என்று எழுந்தார். வாசல்வரை போய் வழியனுப்பியது உங்கள் தம்பி. திரும்பி வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டே இருந்தார். அத்தை காப்பித் தம்ளர்களைக் கழுவி வைத்தார்கள். சாயங்காலம் டவுன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு புதுத் தோசைக்கல் வாங்கி வந்து, புளித்தண்ணீர் ஊற்றிப் பழக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கல்லில் முதலில் நன்றாக வந்த தோசை உங்கள் தட்டில்தான் விழுந்தது.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஸ்டெபிலைசர் போய் எமர்ஜென்சி விளக்கு வந்தது, அதுவும் போய்ச் சார்ஜர் வந்தது. எது வந்தாலும் நாத்தனார்கள் பிடித்துக்கொண்டார்கள். என் பிள்ளைகள் உங்களைச் சுற்றித்தான் வளர்ந்தார்கள். கண் மங்கியபோது நீங்களாகவே ஒரு நாள் கல்லைத் துடைத்து, இருந்ததில் நல்ல பாயாக எடுத்துச் சுற்றச் சொன்னீர்கள். நாத்தனார்களை எடுத்துவிடவா என்று கேட்டேன். "நிக்கட்டும். எங்க போவப்போறாளுவ" என்றீர்கள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கடைசி மத்தியானம் நான்தான் பக்கத்தில் இருந்தேன். வலது கையில் ஊசி ஏறியிருந்ததால் உங்கள் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எப்போதும் போல் என்னைத் திருப்பிப் பிடிக்கவில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட அது எதையும் பிடித்ததில்லை. அதனால் நீங்கள் போனது எனக்குத் தெரியவில்லை, மதினி. சொட்டு மருந்தைப் பார்க்க வந்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வெறும் கையைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாசலில் எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது நான் அழவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். உங்கள் தம்பி குழந்தை மாதிரி அழுதார். யாரோ ஒரு அம்மாள் இன்னொருத்தியிடம், "நாத்தனாதான, என்ன அழுகை வரும்? விட்டுது சனியன்னு இருக்கும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. அந்தச் சொல்லுக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான் என்று இருந்தது.

இன்று காலை அவர் வாக்கிங் போன பிறகு கல்லைப் பட்டாசாலையில் நிமிர்த்தி வைத்து முன்னால் உட்கார்ந்தேன். ஈயப் பொட்டுகள் அப்படியே இருக்கின்றன. மூத்தவளைப் பிடித்து, நீங்கள் சொன்ன மாதிரியே, இழுக்காமல் பைய ஓரத்துக்கு நகர்த்தினேன். துரு கரகரத்தது. ஓரத்துக்கு வந்ததும் தானாக விட்டது. கையில் வந்துவிட்டது. உள்ளே ஏதாவது விடுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் விடவில்லை.

கண்ணாடி போடாததால் கிளிப்பில் கட்டிய செம்புக் கம்பியை, அது உங்கள் சுற்றா என் சுற்றா என்று பார்க்க, கிட்டே கொண்டுவந்தேன். சட்டென்று நெஞ்சில் ஏதோ இழுத்தது. தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்குகள் துள்ளி எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. கயிறு சங்கிலியாக மாறி எத்தனையோ வருடம் ஆயிற்று. நீங்கள் போட்ட முடிச்சு எந்த ஆற்றில் போனதோ. ஆனாலும் மூத்தவள் அங்கேயே வந்து பிடித்துக்கொண்டாள். கையை எடுத்ததும் அது கனத்துக் கழுத்தில் தொங்க, அன்று போலவே தலை குனிந்து நான் உட்கார்ந்திருந்தேன். தாலியை உள்ளே போடச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

இன்னும் எடுக்கவில்லை. அது தொங்கத் தொங்கத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கழுத்து வலிக்கிறது. வலிப்பது தெரிகிறது. பிடுங்கக் கூடாது, ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். கல்லுக்கு ஓரம் இருந்தது. இதை எந்த ஓரத்துக்கு நகர்த்த, மதினி?